வாணியம்பாடி பல் மருத்துவமனை: எட்டுப் பேர் இறந்ததை இரண்டு ஆண்டுகள் ஏன் நமக்குச் சொல்லவில்லை?

பாலாற்றங்கரை
1 ஜூன் 2025, இரவு 9.40

ஆம்பூரில் வசிக்கிறேன். காலணித் தொழிற்சாலையில் வேலை. எனக்கு மருத்துவமும் தெரியாது, சட்டமும் தெரியாது. இரண்டும் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

போன வாரம் நாளேட்டில் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. 2022 ஜூலை முதல் 2023 ஏப்ரல் வரை எங்கள் பகுதியில் 21 பேருக்கு மூளையையும் நரம்பையும் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற நோய் வந்திருக்கிறது. மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் ஒரு கிருமியால் வருவது. அந்த 21 பேரில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே தனியார் பல் மருத்துவமனைக்குப் போய் வந்தவர்கள். பத்தில் எட்டுப் பேர் இறந்துவிட்டார்கள். மற்ற 11 பேரில் இறந்தவர் ஒருவர்தான். வேலூர் சிஎம்சி மருத்துவர்களும், தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தாரும், மாநிலப் பொது சுகாதாரத் துறையினரும் சேர்ந்து துப்புத் துலக்கி, லான்செட் மருத்துவ ஆய்விதழ்க் குழுமத்தின் தென்கிழக்கு ஆசிய இதழில் எழுதியிருக்கிறார்கள்.

எப்படிப் பரவியது என்று படித்தபோது கை நடுங்கியது. ஈறை எலும்பிலிருந்து நெம்பி விலக்கும் கருவியாலேயே சலைன் பாட்டிலைத் திறந்திருக்கிறார்கள். மீதமிருந்த சலைனைப் பஞ்சால் அடைத்து வைத்து, அடுத்து வந்தவரின் வாயைக் கழுவவும் அதையே எடுத்திருக்கிறார்கள். அந்த பாட்டிலில் கிருமி இருந்தது.

இது நடந்து முடிந்தது 2023 ஏப்ரலில். எனக்குத் தெரிய வந்தது 2025 மே கடைசியில். வாணியம்பாடி இங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்.

எங்கள் வீட்டுக் கதை ஒன்றும் உண்டு. சித்திக்குப் போன ஆண்டு வேறு ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பித்தப்பைக் கல்லுக்காக லேப்பராஸ்கோப்பி செய்தோம். ஒன்றரை மாதம் கழித்துத் துளை போட்ட இடங்களில் கட்டி கட்டியாக வந்து சீழ் வடிந்தது. ஏழு மாதம் மாத்திரை சாப்பிட்டார். "உங்கள் உடம்புவாகு அப்படி" என்றார்கள். இரண்டாவது சிகிச்சைக்கும் நாங்கள்தான் பணம் கட்டினோம். கேஸ் ஷீட் கேட்டு மூன்று முறை நடந்தேன். ஒரு பக்க டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இப்படிப்பட்டவற்றுக்கு யாரிடம் போய் யார் பதில் வாங்குவது?


நெறியாளர்
1 ஜூன் 2025, இரவு 10.05

தலைப்பு முக்கியமானது, தொடரட்டும். அந்தப் பல் மருத்துவமனையின் பெயரையோ மருத்துவரின் பெயரையோ யாரும் இங்கே எழுத வேண்டாம். நோயாளிகளின் பெயரையும் ஊர்த் தெருவையும் எழுத வேண்டாம். மீறினால் பதிவை நீக்குவேன்.


கடைவாய்ப்பல்
1 ஜூன் 2025, இரவு 11.20

பல் மருத்துவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அங்கே நடந்ததற்கு எந்தச் சமாதானமும் இல்லை. திறந்த சலைன் பாட்டிலைப் பஞ்சால் அடைத்து வைப்பது தவறு என்று இரண்டாம் ஆண்டு மாணவனுக்கும் தெரியும்.

ஆனால் எப்படி அந்த நிலைக்கு வருகிறார்கள் என்பதையும் பாருங்கள். அரை லிட்டர் பாட்டில். ஒரு பல்லைப் பிடுங்கிக் கழுவ அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. மீதியைக் கொட்ட மனம் வராது. சிறிய பாட்டில் வாங்கலாம், ஒருமுறை சிரிஞ்சில் எடுத்துத் தனியே வைக்கலாம்; வழி இருக்கிறது. ஆனால் ஒரே நாற்காலி, ஒரே உதவியாளர், அவரும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நேரே வேலைக்கு வந்த பெண். அவருக்குக் கிருமிநீக்கம் பற்றி யார் பாடம் நடத்தினார்கள்? நான் என் உதவியாளருக்குச் சொல்லிக் கொடுத்தது நான் கிளினிக் திறந்து மூன்றாவது ஆண்டில்தான். அதுவரை அவருக்கு ஒன்றும் தெரியாது என்பதே எனக்கு உறைக்கவில்லை. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

இதை "லாப வெறி" என்று ஒரு சொல்லில் அடக்கிவிட்டால் உண்மை தப்பிவிடும். அந்த மீதிச் சலைனில் மிச்சமாவது சில ரூபாய். அதற்காக யாரும் திட்டமிட்டு எட்டுப் பேரைக் கொல்ல மாட்டார்கள். கேட்க ஆள் இல்லாத இடத்தில் சோம்பலும் சிக்கனமும் பழக்கமாகிவிடுகின்றன. என் கிளினிக்குக்கு இத்தனை ஆண்டுகளில் வந்து, கருவிகளை நீராவியில் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவைத் திறந்து பார்த்த அதிகாரி ஒருவர்கூட இல்லை.


செங்காந்தள்
2 ஜூன் 2025, காலை 7.15

மேற்கோள்: "இதை 'லாப வெறி' என்று ஒரு சொல்லில் அடக்கிவிட்டால் உண்மை தப்பிவிடும்."

டாக்டர், நீங்கள் நேர்மையாக எழுதுகிறீர்கள், மதிக்கிறேன். ஆனால் ஒரு கிளினிக்கின் மீதிச் சலைனை மட்டும் பார்க்காதீர்கள். மருத்துவம் முழுவதும் எப்படி விலைக்கு விற்கப்படுகிறது என்று பாருங்கள்.

2018இல் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் டெல்லி வட்டாரத்தில் நான்கு பெரிய தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்தது. சிரிஞ்ச், கையுறை போன்ற பொருள்களிலும் மருந்துகளிலும் 1,737 சதவீதம் வரை லாபம் வைத்திருந்தார்கள். இதயக் குழாயில் வைக்கும் மருந்து தடவிய ஸ்டென்ட் லட்ச ரூபாய்க்கு மேல் விற்றது. 2017 பிப்ரவரியில் உச்ச விலை 29,600 ரூபாய் என்று ஆணையம் நிர்ணயித்தது. அதன் பிறகும் ஸ்டென்ட் விற்றுக்கொண்டுதான் இருக்கிறது. அப்படியானால் அதுவரை நம்மிடம் வாங்கியது எதற்கு?

நம் மாநிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகளில் நடக்கும் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். சிக்கலான பிரசவங்களெல்லாம் கடைசியில் அரசு மருத்துவக் கல்லூரிக்குத்தான் அனுப்பப்படுகின்றன. அப்படியிருக்க, கத்தி ஏன் தனியாரில் கூடுதலாகப் படுகிறது? தேவையில்லாத அறுவை சிகிச்சையும் பாதுகாப்பற்ற மருத்துவம்தான். அங்கே பஞ்சு அடைத்த பாட்டில் கிடையாது, ஏசி அறை இருக்கும், அவ்வளவுதான் வேறுபாடு.

உயிரோடு சம்பந்தப்பட்டதில் லாபத்துக்கு இடமே இருக்கக்கூடாது என்பது என் நிலை.


சாத்தூர் வெயில்
2 ஜூன் 2025, காலை 10.30

அரசு மருத்துவமனையில் லாபம் இல்லை. சரி. எங்கள் ஊரில் 2018 டிசம்பரில் நடந்தது நினைவிருக்கிறதா?

சாத்தூர் அரசு மருத்துவமனைக்கு வந்த கர்ப்பிணிக்கு இரத்தசோகை. சிவகாசி அரசு இரத்த வங்கியிலிருந்து வந்த இரத்தத்தை ஏற்றினார்கள். அதில் எச்ஐவி இருந்தது. அந்த இரத்தத்தைக் கொடுத்த இளைஞர் 2016இலும் கொடுத்திருக்கிறார். அப்போதே பரிசோதனையில் தெரிந்தும் அவருக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. 2018இல் வெளிநாட்டு வேலைக்காக வேறிடத்தில் பரிசோதித்தபோதுதான் தனக்குத் தெரிந்ததும், தானே இரத்த வங்கிக்கு ஓடிவந்து சொன்னார். அதற்குள் ஏற்றியாகிவிட்டது. அந்த மாதம் முடிவதற்குள் அந்தப் பையனும் உயிரோடு இல்லை. அவன் வயது பத்தொன்பது.

அந்தப் பையன் வந்து சொல்லியிருக்காவிட்டால் அந்தப் பெண்ணுக்கு உரிய நேரத்தில் மருந்து கிடைத்திருக்காது. குழந்தை நோயில்லாமல் பிறந்ததில் அவனுக்கும் பங்கு உண்டு. அமைப்பில் இருந்த யாரும் செய்யாததை அவன் செய்தான்.

2022 நவம்பரில் சென்னை பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் மூட்டுச் சிகிச்சைக்குப் போன கால்பந்து வீராங்கனை காலை இழந்தார், பிறகு உயிரையே இழந்தார். சிகிச்சைக்குப் பின் போட்ட கட்டு இறுக்கமாக இருந்து இரத்த ஓட்டம் நின்றதுதான் காரணம் என்று அரசே சொன்னது. அங்கேயும் லாபம் இல்லை.

ஆகவே தனியாரா அரசா என்ற சண்டையில் எனக்கு நம்பிக்கை இல்லை, செங்காந்தள்.


இரவுப்பணி
2 ஜூன் 2025, இரவு 11.50

பாலாற்றங்கரை தம்பி, உங்கள் சித்தி கதைக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். நான் செவிலியர், பத்தொன்பது ஆண்டு. முதல் எட்டு ஆண்டு தனியாரில் அறுவை அரங்கத்தில், பிறகு அரசுப் பணி.

"உடம்புவாகு" என்று சொன்னது பொய். நீங்கள் எழுதியது அப்படியே உண்மையானால், துளை போட்ட இடத்தில் ஒன்றரை மாதம் கழித்துக் கட்டி, மாதக்கணக்கில் மாத்திரை என்றால், அது பெரும்பாலும் காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த வேறொரு கிருமி. தண்ணீரில் வாழ்வது. வெளியிலிருந்து கருவியோடு உள்ளே போவது. சித்தியின் உடம்பில் முன்பே இருந்ததில்லை.

எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். அறுவை சிகிச்சைக் கருவியை ஆட்டோகிளேவில் நீராவி அழுத்தத்தில் வைக்க வேண்டும். லேப்பராஸ்கோப்பிக் கருவிகளில் சில அந்த வெப்பத்தைத் தாங்காது. அவற்றைக் குளூட்டரால்டிஹைடு திரவத்தில் போடுவோம். நாங்கள் சைடெக்ஸ் என்போம். 20 நிமிடம் போட்டால் பெரும்பாலான கிருமிகள் சாகும், ஆனால் எல்லாம் சாகாது. உறங்கும் விதை போல இருக்கும் கிருமியும் சாக 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். ஒருமுறை கலந்த திரவத்தை 14 நாளில் கொட்டிவிட வேண்டும். கருவியை மூட்டு மூட்டாகப் பிரித்து, இடுக்கில் ஒட்டிய இரத்தத்தைத் தேய்த்து எடுத்த பிறகுதான் ஊற வைக்க வேண்டும். ஊறியதைக் கிருமி நீக்கிய தண்ணீரில் அலச வேண்டும்.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒரே நாளில் ஆறு பித்தப்பை. கருவி செட் இரண்டு. சர்ஜன் மாலை வேறு ஊருக்குப் போக வேண்டும். பத்து மணி நேரம் எங்கிருந்து வரும்? இருபது நிமிடம் பதினைந்தாகும், பதினைந்து பத்தாகும். அலசுவது குழாய்த் தண்ணீரில். அந்தக் குழாய்த் தண்ணீரில்தான் அந்தக் கிருமி இருக்கிறது.

மூன்றாவது செட் வாங்கினால் தீரும். நாளைக்கு நான்கு அறுவை சிகிச்சை என்று நிறுத்திக்கொண்டாலும் தீரும். இரண்டும் பணம். ஆகவே லாபத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று கடைவாய்ப்பல் டாக்டர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். லாபம் மீதிச் சலைனில் இல்லை, நேரத்தில் இருக்கிறது.

ஒருநாள் கருவிப் பொட்டலத்தில் ஒட்டும் ஆட்டோகிளேவ் டேப்பில் கோடு கறுப்பாகவில்லை. கறுப்பாகவில்லை என்றால் சூடு போதவில்லை என்று பொருள். சொன்னேன். "சிஸ்டர், லிஸ்ட் நிற்கிறது" என்றார்கள். அப்போது எனக்குச் சம்பளம் ஏழாயிரம், கைக்குழந்தை. அந்தக் கருவிப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தேன். அன்று மேசையில் படுத்திருந்தவரின் முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுதான் நினைக்கிறேன். உறுதியாக எனக்கு எப்படித் தெரியும்?


பாலாற்றங்கரை
3 ஜூன் 2025, காலை 6.10

அக்கா, இரவு முழுவதும் உங்கள் பதிவைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சித்தியிடமும் படித்துக் காட்டினேன். ஏழு மாதமாகத் தன் உடம்பைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

அவர் கேட்ட கேள்வி இது: "அன்றைக்கு என்னோடு வார்டில் இன்னும் நான்கைந்து பேர் இருந்தார்களே, அவர்களுக்கு என்ன ஆயிற்று?"

வழக்கு தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.


வழக்குக்கட்டு
3 ஜூன் 2025, மாலை 5.45

வழக்கறிஞர். நுகர்வோர் ஆணையத்தில் மருத்துவ வழக்குகள் நடத்தியிருக்கிறேன், நோயாளி தரப்பிலும் மருத்துவமனை தரப்பிலும்.

பணம் கொடுத்துப் பெறும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் தீர்ப்பளித்தது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் செய்யும் மருத்துவமனை அதற்குள் வராது. ஆகவேதான் சாத்தூர் போன்ற வழக்குகள் உயர் நீதிமன்றத்துக்கு ரிட் மனுவாகப் போகின்றன. அந்தப் பெண்ணுக்கு மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

குற்ற வழக்கு கடினம். 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமான கவனக்குறைவாக இருக்க வேண்டும், அதையும் வேறொரு மருத்துவரின் கருத்தைப் பெற்ற பிறகே போலீசார் மேலே கொண்டுபோக வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அதே துறையில் உள்ளவர் எதிராக எழுதித் தருவது அரிது. கடந்த ஆண்டு ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டம் 106ஆம் பிரிவில் கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது செய்தால் இரண்டு ஆண்டு வரை.

உங்கள் சித்தி விஷயத்தில் இன்றே செய்ய வேண்டியது: மருத்துவ ஆவணங்களின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள், பதிவுத் தபாலில். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. மூன்று ஆண்டு அவற்றைப் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பதும் அதே விதி. வாய்ச்சொல்லாகக் கேட்டதற்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லை.

இப்போது உங்கள் தலைப்புக்கு வருகிறேன். இதை யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட காலவரம்பு இரண்டு ஆண்டு. வாணியம்பாடியில் கடைசி நோயாளி 2023 ஏப்ரல். செய்தி வெளியே வந்தது 2025 மே. கணக்குப் பாருங்கள். இறந்தவர்களின் குடும்பங்களில் யாருக்காவது "பல் பிடுங்கியதால்தான் இறந்தார்" என்று இப்போதுதான் தெரிந்திருந்தால், இரண்டு ஆண்டு ஏற்கெனவே கரைந்துவிட்டது. தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம், பாதிப்பு தெரிந்த நாளிலிருந்து காலத்தை எண்ண வேண்டும் என்று வாதாடலாம். இரண்டுக்கும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் கதவு திறந்திருந்தபோது யாரும் சொல்லவில்லை, இப்போது அந்தக் குடும்பங்கள் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. அந்த மௌனத்தின் விலையை எந்த ஆய்விதழும் கணக்கிடாது.


களப்பணி
3 ஜூன் 2025, இரவு 8.30

சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். திருப்பத்தூர் மாவட்டத்தில் பணிபுரிந்ததில்லை, ஆனால் இத்தகைய விசாரணைகளில் நடந்திருக்கிறேன்.

இங்கே ஒரு நியாயம் விடுபடுகிறது. வெவ்வேறு ஊர்களிலிருந்து காய்ச்சல், தலைவலி, முக வீக்கம், பேச்சுக் குழறல் என்று வந்தவர்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, "நீங்கள் எல்லோரும் எங்கே போனீர்கள்?" என்று வீடுவீடாகக் கேட்டு, ஒரு பாட்டில் வரை போய் நின்றிருக்கிறார்கள். அது சாதாரண வேலை அன்று. அறிகுறி தொடங்கியதிலிருந்து சாவு வரை பாதிப் பேருக்குப் பதினாறு நாள்தான் கிடைத்தது. நோய் எதுவென்று கண்டுபிடிப்பதற்குள் ஆளே இல்லை.

ஆய்வு முடியாமல் பெயரைச் சொன்னால் கூட்டம் போய் கண்ணாடியை உடைக்கும். பிறகு விசாரணைக்கு ஆவணமும் கிடைக்காது, பாட்டிலும் கிடைக்காது. அதனால் விசாரணை நடக்கும்போது அடக்கி வாசிப்போம்.

ஆனால் விசாரணை முடிந்த பிறகும் மௌனம் என்றால் அதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்தக் கிருமி உடம்பில் பல ஆண்டு உறங்கிக் கிடந்து, சர்க்கரை நோய் கூடும்போது எழக்கூடியது. அங்கே பல் பிடுங்கிக்கொண்டு நன்றாக இருக்கும் ஒருவருக்கு நாளை காய்ச்சல் வந்தால், "நான் அங்கே போயிருந்தேன்" என்று அவர் டாக்டரிடம் சொல்லத் தெரிய வேண்டுமே. அந்த ஒரு வாக்கியம் சரியான ஊசியை நான்கு நாள் முன்னதாகப் போட வைக்கும்.


நாற்பது படுக்கை
4 ஜூன் 2025, பிற்பகல் 2.10

சிறிய நகரத்தில் நர்சிங் ஹோம் நடத்தும் அறுவை மருத்துவர். எங்கள் பக்கமிருந்து யாராவது பேச வேண்டும்.

மருத்துவர் ஏன் மறைக்கிறார்? "சார், எங்கள் கருவியில் கிருமி இருந்திருக்கலாம்" என்று நான் ஒரு குடும்பத்திடம் சொன்னால் அடுத்து என்ன நடக்கும்? வாசலில் நூறு பேர். உள்ளூர்ப் பிரமுகர் வந்து பேரம் பேசுவார். மருத்துவமனைகளைத் தாக்குவோரைத் தண்டிக்க 2008ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அன்று மாலை என் வரவேற்பறையில் நிற்கும் பெண்ணை அந்தச் சட்டம் காப்பாற்றாது. ஒரு சிசேரியனில் ஏதாவது தவறினால் வாழ்க்கை முடிந்துவிடும் என்ற பயத்தில்தான் பல மகப்பேறு மருத்துவர்கள் சீக்கிரம் கத்தியை எடுக்கிறார்கள், செங்காந்தள். 63.8 சதவீதத்துக்குள் லாபமும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்ட என்னால் முடியாது, உங்களாலும் முடியாது.

இன்னொன்று. சிறிய மருத்துவமனைகளை நசுக்கினால் எல்லோரும் பெருமுதலாளி மருத்துவமனைகளுக்குத்தான் போவார்கள். அங்கே மருத்துவருக்கே மாத இலக்கு வைக்கிறார்கள் என்பதை அங்கே வேலை பார்த்து வந்த என் நண்பர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எத்தனை ஸ்கேன், எத்தனை அட்மிஷன் என்று. நான் ஸ்கேன் சென்டரிலிருந்து வரும் கமிஷன் உறையைத் திருப்பி அனுப்புகிறேன். அனுப்பாதவர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள், என்னைவிட நன்றாக இருக்கிறார்கள்.

இரவுப்பணி சகோதரி எழுதிய சைடெக்ஸ் கணக்கு அட்சரம் பிசகாத உண்மை. நான் மூன்றாவது செட் வாங்கியது ஒரு நோயாளிக்குத் தொற்று வந்த பிறகு. அவருக்கு இலவசமாகச் சிகிச்சை செய்தேன். காரணத்தைச் சொல்லவில்லை.


செங்காந்தள்
4 ஜூன் 2025, பிற்பகல் 3.00

ஏன் சொல்லவில்லை, டாக்டர்? அவர் நல்லவராக இருந்திருக்கலாமே.


நாற்பது படுக்கை
4 ஜூன் 2025, இரவு 10.40

நல்லவர்தான். தீபாவளிக்கு இன்றும் பலகாரம் கொண்டுவருகிறார். நான் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

உங்கள் கேள்விக்கு இன்று முழுவதும் பதில் தேடினேன். கிடைக்கவில்லை.


பனிமூட்டம்
5 ஜூன் 2025, அதிகாலை 3.25

இங்கிலாந்தின் பர்மிங்காமில் செவிலியர், சொந்த ஊர் திண்டுக்கல். இங்கே நடந்ததைச் சொன்னால் உதவலாம்.

இங்கே அரசு மருத்துவம்தான் பிரதானம், ஆனாலும் ஸ்டாஃபோர்டு மருத்துவமனையில் 2005 முதல் 2009 வரை நோயாளிகள் குடிக்கத் தண்ணீர்கூடக் கிடைக்காமல் கிடந்தார்கள். லாபத்துக்காக அன்று, நிர்வாகம் செலவுக் கணக்கையும் இலக்கையும் காப்பாற்றப் பார்த்தது. விசாரணை அறிக்கை 2013இல் வந்தது. அதன் பிறகு ஒரு சட்டக் கடமை வந்தது: சிகிச்சையில் தீங்கு நேர்ந்தால் மருத்துவமனையே நோயாளியைக் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, எழுத்திலும் தர வேண்டும். 2014இல் அரசு மருத்துவமனைகளுக்கு, 2015இல் தனியாருக்கும். மன்னிப்புக் கேட்டதையே குற்ற ஒப்புதலாகக் கொள்ள மாட்டார்கள். அந்த ஒரு பாதுகாப்பு இல்லாவிட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். என் ஊரிலேயே ஒரு மார்பக அறுவை மருத்துவர் அரசு மருத்துவமனையிலும் தனியாரிலும் ஆண்டுக்கணக்கில் தேவையற்ற அறுவை சிகிச்சைகளைச் செய்து, 2017இல் சிறைக்குப் போனார். சகப் பணியாளர்கள் முன்பே எச்சரித்திருந்தார்கள். கேட்கவில்லை.

ஆனால் ஒன்று. போன மாதம் நான் ஒரு மருந்தைத் தவறான அளவில் கொடுத்தேன். பெரிய பாதிப்பு இல்லை. ஆனாலும் அந்தப் பெரியவரின் படுக்கை அருகே உட்கார்ந்து சொன்னேன். அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார். திண்டுக்கல்லில் நான் வேலை பார்த்த காலத்தில் இதை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.


கடைவாய்ப்பல்
5 ஜூன் 2025, காலை 9.00

இரவுப்பணி அம்மா சொன்னதை ஏற்கிறேன். "லாபம் நேரத்தில் இருக்கிறது" என்பது என் கண்ணில் படவில்லை. நானும் மாலையில் வரிசை நீளும்போது கருவிகளை அவசரப்படுத்தியிருக்கிறேன்.

மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் தமிழ்நாட்டில் 1997இலேயே நிறைவேறியது. விதிகள் வந்தது 2018இல். இருபத்தோரு ஆண்டு அது அலமாரியில் கிடந்தது. இன்று பதிவுச் சான்றிதழ் எல்லோர் சுவரிலும் தொங்குகிறது. சான்றிதழ் கொடுப்பவர் கருவி கழுவும் அறைக்குள் வந்து பார்க்க வேண்டும். பத்து நிமிடம் போதும்: டேப்பைப் பார், சைடெக்ஸ் ஊற்றிய தேதியைப் பார், திறந்த பாட்டிலைத் தேடு.


கண்ணாடிக் குப்பி
12 அக்டோபர் 2025, இரவு 9.15

நான்கு மாதமாகத் தூங்கிய இழையை எழுப்புவதற்கு மன்னிக்கவும். மருந்தாளுநர் நான். இந்தப் பத்து நாளாகத் தூக்கம் இல்லை.

காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துவிட்டார்கள். அந்தத் தொகுதி (பேட்ச்) மருந்தில் டைஎத்திலீன் கிளைகால் 48.6 சதவீதம். அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். தொழிற்சாலையில் குளிர்விப்பானில் ஊற்றும் பொருள் அது. நம் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உள்ளே போய்ப் பார்த்து 364 விதிமீறல்களை எழுதியது. எழுதியது சரி. 364 குறைகள் ஒரே இரவில் முளைத்தவையா? அதற்கு முன் அந்த வாசலைத் தாண்டிப் போனவர்கள் என்ன பார்த்தார்கள்?

1972இல் நம் சென்னையிலேயே இதே நஞ்சால் குழந்தைகள் இறந்தார்கள். ஐம்பத்து மூன்று ஆண்டு ஆகிவிட்டது.

அரசு மருத்துவமனைகளுக்கு வரும் மருந்தை 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொகுதி தொகுதியாக ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்த பிறகே விநியோகிக்கிறது. என் கடை அலமாரிக்கு வரும் பாட்டிலை அப்படி யார் சோதிக்கிறார்கள்? ஒரு தாய் வந்து "நல்ல மருந்தா?" என்று கேட்டால் இத்தனை நாள் தலையாட்டினேன். இனி என்ன சொல்வது?


செங்காந்தள்
12 அக்டோபர் 2025, இரவு 10.00

கழகம் சோதிக்கிறது, தனியார் சந்தை சோதிப்பதில்லை. ஜூனில் நான் சொன்னதும் இதுதான். சாத்தூரைச் சொல்லி என்னை மடக்கிய நண்பருக்கு இதையும் படிக்கக் கொடுக்கிறேன்.


சாத்தூர் வெயில்
13 அக்டோபர் 2025, காலை 8.20

படித்தேன். மறுக்க எதுவும் இல்லை. ஆனால் அந்த ஆலையைப் பார்வையிட வேண்டியவர்கள் அரசு ஊழியர்கள்தானே? இரண்டு ஆய்வாளர்களைப் பணியிடை நீக்கம் செய்திருக்கிறார்கள். லாபம் தேடியவன் ஒருபுறம், பார்க்க வேண்டியதைப் பார்க்காதவன் மறுபுறம். குழந்தை நடுவில்.


பாலாற்றங்கரை
14 அக்டோபர் 2025, இரவு 9.30

இழை மேலே வந்தது நல்லதாயிற்று. நடந்ததைச் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

வழக்குக்கட்டு ஐயா சொன்னபடி பதிவுத் தபால் அனுப்பினோம். 72 மணி நேரத்தில் வரவில்லை. இரண்டாவது தபால், மாவட்ட மருத்துவத் துறை இணை இயக்குநருக்கு நகலோடு. பதினெட்டாம் நாள் வந்தது, முப்பத்தோரு பக்கம். இரவுப்பணி அக்கா சொல்லிக் கொடுத்த இடத்தைப் பார்த்தேன். அறுவை அரங்கக் குறிப்பில் அன்றைய பட்டியலில் சித்தியின் வரிசை எண் ஐந்து. சீழ்ச் சோதனை முடிவும் அதில் இருந்தது, எங்களுக்குக் காட்டவே இல்லை. அக்கா சொன்ன கிருமியேதான்.

ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். சித்தி கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். இழப்பீட்டுக்குக் கீழே சேர்த்திருக்கிறோம்: அன்று அதே கருவிகளால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட மற்றவர்களை மருத்துவமனை தேடிக் கண்டுபிடித்து, நடந்ததை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

அப்படி ஒரு கோரிக்கையை ஆணையம் ஏற்குமா, ஐயா?


வழக்குக்கட்டு
14 அக்டோபர் 2025, இரவு 11.05

நான் நடத்திய வழக்குகளில் யாரும் அதைக் கேட்டதில்லை. அந்த வரி இருக்கட்டும். நீக்க வேண்டாம். விசாரணை நாள் தெரிந்ததும் சொல்லுங்கள், நான் வருகிறேன்.


நாற்பது படுக்கை
15 அக்டோபர் 2025, காலை 6.45

அந்த வரியின் நகலை எனக்கும் அனுப்ப முடியுமா? தீபாவளிக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. அவர் வருவார்.